நாயின் கல்லறை, மூழ்கிய ஊர், மூன்று வரிசை நரம்பு: வேல்ஸின் கதையும் பாட்டும்

வடக்கு வேல்ஸில் பெத்கெலெர்ட் என்று ஒரு சிற்றூர். ஊரை ஒட்டிய ஆற்றங்கரைப் புல்வெளியில் ஒரு கல்லறையை வேலி போட்டுப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதில் கிடப்பது ஒரு வேட்டை நாய். 13ஆம் நூற்றாண்டு இளவரசன் லூவெலின் வேட்டைக்குப் போனபோது அவனுக்குப் பிரியமான கெலெர்ட் என்ற நாய் கூட வரவில்லை. திரும்பி வந்தால், வாயெல்லாம் ரத்தத்தோடு நாய் வாலாட்டிக்கொண்டு ஓடி வருகிறது. உள்ளே தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, குழந்தையைக் காணோம். வாளை உருவி நாயைக் குத்திவிட்டான். அப்புறம்தான் தொட்டிலுக்கு அடியில் குழந்தையின் அழுகை கேட்டது. பக்கத்தில் ஒரு ஓநாய் செத்துக் கிடந்தது.

‘இது நம்ம கீரிப்பிள்ளைக் கதையாச்சே’ என்று யாருக்கும் தோன்றும். அதேதான். நாய் இருக்கும் இடத்தில் கீரி, ஓநாய் இருக்கும் இடத்தில் பாம்பு, மற்றதெல்லாம் ஒன்றுதான். பஞ்சதந்திரத்தில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் தலைகாட்டுகிறது: கீரியைக் கொன்றதற்காகக் கணவன் விட்டுப் போன பெண்ணுக்குக் கோவலன் பொருள் கொடுத்துப் பாவம் தீர்க்கச் செய்து, போனவனையும் தேடிச் சேர்த்துவைத்தான் என்று மாடலன் புகழ்வான். இந்தியாவில் கிளம்பிய கதை பாரசீகம், அரபு தேசங்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், ‘ரோமின் ஏழு ஞானிகள்’ என்ற தொகுதிக்குள் நுழைந்தபோது கீரி நாயாகிவிட்டிருந்தது. ஐரோப்பியக் குடியானவன் வீட்டில் கீரி ஏது? அந்தத் தொகுதி இடைக்காலத்திலேயே வேல்ஸ் மொழிக்கும் வந்துவிட்டது.

சரி, கல்லறை எப்படி வந்தது? 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த ஊரில் விடுதி நடத்திய டேவிட் பிரிச்சர்ட் என்பவர் கதையை ஊர்ப் பெயரோடு முடிச்சுப் போட்டு, கல்லையும் நடவைத்தார் என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்வது. ஊர்ப் பெயரில் இருப்பது ஏதோ ஒரு பழைய துறவியின் பெயராகத்தான் இருக்க வேண்டும். 1811இல் வில்லியம் ஸ்பென்சர் என்ற ஆங்கிலக் கவிஞர் அந்தக் கதையைப் பாட்டாக அச்சிட்டதும் பயணிகள் வர ஆரம்பித்தார்கள். விடுதி நிறைந்தது. இன்றும் கூட்டம் வருகிறது. அடியில் நாய் கிடையாது என்று தெரிந்துகொண்டே வந்து, நின்று, கண் கலங்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

வேல்ஸின் கதைகளையும் இசையையும் ரசிக்கப் புகுபவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது இதைத்தான். ‘ஆதிகாலத்து மரபு’ என்று எதைத் தொட்டாலும் அதில் ஒரு பாகம் யாரோ பின்னால் வைத்த ஒட்டு. பல சமயம் ஒட்டுப்போட்டவர் பெயரும் ஆண்டும்கூடத் தெரியும். அது தெரிந்தால் சுவை குறையாது, கூடும் என்பது என் கட்சி. ஒட்டுப்போடவும் காரணம் இருந்தது. 1282இல் கடைசி இளவரசனைக் கொன்று இங்கிலாந்து வேல்ஸைப் பிடித்தது. கவிஞருக்கும் இசைவாணருக்கும் சோறு போட்ட அரசவைகள் போயின. 1536இல் போட்ட சட்டம் நீதிமன்றத்திலும் பதவியிலும் ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழிக்கு இடமில்லை என்றது. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 31 லட்சம்; வேல்ஸ் மொழி பேசத் தெரியும் என்றவர்கள் சுமார் 5,38,000 பேர், அதாவது மூன்று வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 17.8 விழுக்காடு. கிழிந்துகொண்டே இருந்த துணியைத் தைத்துக்கொண்டே உடுத்தியவர்கள் இவர்கள்.

(பெயர்களை இங்கே காதுக்குக் கிட்டத்தட்டத்தான் எழுதியிருக்கிறேன். அந்த மொழியின் ஓரிரு ஒலிகளுக்குத் தமிழில் எழுத்தே இல்லை.)

கதைகள்: வரைபடத்தை விரித்துக்கொண்டு படியுங்கள்

பழங்கதைகளில் தலையானவை மபினோகியன் என்ற பெயரில் அறியப்படும் 11 கதைகள். அவற்றில் முதல் நான்கும் ஒரு கொத்து. மபினோகியின் நான்கு கிளைகள் என்பார்கள். உருவான காலம் 11, 12ஆம் நூற்றாண்டுகள் என்பது பொதுவான கணிப்பு. நமக்குக் கிடைப்பவை இரண்டு பெரிய ஏடுகள்: 1350ஐ ஒட்டி எழுதிய ரதெர்கின் வெள்ளைப் புத்தகம், 1400ஐ ஒட்டி எழுதிய ஹெர்கெஸ்டின் செம்புத்தகம். வெள்ளை ஏடு அபெரிஸ்ட்வித் நகரத் தேசிய நூலகத்தில் இருக்கிறது. சிவப்பு ஏடு ஆக்ஸ்ஃபோர்டில்.

இவற்றை உலகத்துக்குக் கொண்டுபோனவர் ஒரு ஆங்கிலேயப் பெண்மணி, சார்லட் கெஸ்ட். டௌலைஸ் இரும்பாலை முதலாளியை 1833இல் மணந்து வேல்ஸுக்கு வந்தவர். மொழியைக் கற்றுக்கொண்டு, பத்துப் பிள்ளைகளையும் பெற்று, நடுவே 1838 முதல் பகுதி பகுதியாக மொழிபெயர்த்து வெளியிட்டார். கூச்சமான சில இடங்களைப் பூசி மெழுகினார் என்பது அவர்மேல் உள்ள குறை. எல்லாக் கதைகளுக்கும் சேர்த்து இன்று நாம் சொல்லும் பெயர் நிலைத்ததும் அவர் நூலால்தான். ஏட்டில் அந்த வடிவம் ஒரே ஒரு இடத்தில் வருகிறது, அதுவும் எழுதியவரின் கைப்பிழையாக இருக்கலாம். இப்போது படிக்கப் போகிறவர்களுக்கு 2007இல் வந்த ஷோனெட் டேவிஸின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சொல்வேன். வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கதைகள் என்பதை நினைவில் வைத்துச் செய்தது அது.

முதல் கிளையில் ஒரு காட்சி. டவெட் நாட்டுத் தலைவன் புய்ல், அர்பெர்த் ஊரின் மேட்டில் போய் உட்காருகிறான். அந்த மேட்டில் உட்காரும் உயர்குடியினன் ஒன்று அடி வாங்குவான், இல்லையென்றால் ஒரு அதிசயத்தைக் காண்பான் என்பது பேச்சு. கீழே சாலையில் பொன்னிழைப் பட்டு உடுத்திய பெண் ஒருத்தி வெள்ளைக் குதிரையில் சாவகாசமாகப் போகிறாள். யாரென்று கேட்க ஆள் ஓடுகிறான், எட்டவில்லை. குதிரையில் விரட்டுகிறான், விரட்ட விரட்டத் தூரம் கூடுகிறது, அவள் குதிரையோ வேகத்தைக் கூட்டவே இல்லை. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் புய்லே விரட்டிப் பார்த்து, குதிரை நுரை தள்ளிய பிறகு கடைசியில் வாயைத் திறந்து, கொஞ்சம் நில்லம்மா என்கிறான். தாராளமாக நிற்கிறேன், இதை முன்பே கேட்டிருந்தால் உங்கள் குதிரைக்காவது நன்றாக இருந்திருக்கும் என்கிறாள். ரியானன் கதைக்குள் வருவது இப்படித்தான். இடைக்கால ஐரோப்பியக் கதைப் பெண்களில் இவ்வளவு நிதானமாக வாய் பேசுகிறவர்கள் அதிகம் இல்லை.

அவளுக்குக் குழந்தை பிறந்த இரவே அது காணாமல் போகிறது. காவல் இருந்த ஆறு பெண்கள் தூங்கிவிட்டார்கள். தண்டனைக்குப் பயந்து, நாய்க்குட்டியைக் கொன்று ரத்தத்தைத் தாயின் முகத்தில் பூசி, பெற்ற பிள்ளையைத் தின்றுவிட்டாள் என்று பழி போடுகிறார்கள். ஏழு ஆண்டு வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் தன் கதையைச் சொல்லி, அவர்களை முதுகில் சுமந்து அரண்மனைக்குள் கொண்டுபோய் விட வேண்டும் என்பது தீர்ப்பு. கதைசொல்லி இங்கே ஒரே ஒரு வரி சேர்க்கிறான்: அவள் முதுகில் ஏறச் சம்மதித்தவர்கள் அரிது. தீர்ப்பை ஊர் ஏற்கவில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இரண்டாம் கிளை பிரான்வென் என்ற பெண்ணுடையது. அயர்லாந்து அரசனுக்கு வாழ்க்கைப்பட்டு, புகுந்த வீட்டில் அடுக்களைக்குத் தள்ளப்பட்டு, தினமும் இறைச்சி வெட்டுகிறவன் கையால் அறை வாங்குகிறாள். மாவு பிசையும் தொட்டியின் ஓரத்தில் ஒரு நாகணவாய்க் குஞ்சை வளர்த்து, பேச்சுப் பழக்கி, சிறகடியில் கடிதம் கட்டி அண்ணனுக்கு அனுப்புகிறாள். அண்ணன் பிரான் ஓர் அரக்கன். எந்த வீட்டுக்குள்ளும் அடங்காத உடம்பு. கப்பல்கள் பக்கத்தில் மிதக்க, கடலில் நடந்தே வருகிறான். அயர்லாந்துக் கரையில் பன்றி மேய்க்கிறவர்கள் அரசனிடம் ஓடி, கடலில் ஒரு காடு தெரிகிறது, பக்கத்தில் ஒரு மலை நகர்கிறது, மலையில் உயரமான முகடும் அதன் இருபுறம் இரண்டு ஏரிகளும் இருக்கின்றன என்கிறார்கள். யாருக்கும் விளங்கவில்லை. அடுக்களையில் இருப்பவளைக் கேட்கிறார்கள். காடு என்பது பாய்மரங்கள். மலை என் அண்ணன். முகடு அவன் மூக்கு, ஏரிகள் கண்கள் என்கிறாள். ஆற்றில் பாலத்தை உடைத்துவிட்டு எதிரிகள் பின்வாங்கியபோது, தலைவனாக இருப்பவன் பாலமாக இருக்கட்டும் என்று சொல்லிப் பிரான் குறுக்கே படுத்துக்கொள்ள, படை அவன்மேல் நடந்து போகிறது. அந்த வாக்கியம் இன்றும் வேல்ஸில் பழமொழி.

போரில் வேல்ஸ் பக்கம் மிஞ்சுகிறவர்கள் ஏழே பேர். என்னால் இரண்டு நல்ல தீவுகள் அழிந்தனவே என்று பிரான்வென் நெஞ்சு வெடித்துச் சாகிறாள். பிரானின் வெட்டிய தலையோடு அந்த ஏழு பேரும் ஹார்லெக்கில் ஏழு ஆண்டு விருந்துண்கிறார்கள். கடலுக்கு அப்பால் ரியானனின் பறவைகள் பாடுவது பக்கத்தில் கேட்பதுபோல் கேட்கிறது.

ஹார்லெக், அர்பெர்த் இரண்டும் இன்றும் பேருந்து போகிற ஊர்கள். நான்காம் கிளையில் ஒரு மந்திரவாதி தெற்கே ஏமாற்றி வாங்கிய பன்றிகளை வடக்கே ஓட்டிப் போகும்போது இரவு தங்கிய இடங்களெல்லாம் பன்றிப் பெயர் பெற்றதாகக் கதை சொல்லும். அவற்றில் ஒன்று மொக்நான்ட். இதை நினைவில் வையுங்கள், பாட்டுப் பக்கம் போகும்போது திரும்ப வரும். மபினோகியை வரைபடம் இல்லாமல் படிப்பவர் பாதியைத்தான் படிக்கிறார்.

தண்ணீர்

வேல்ஸ் கதைகளில் தண்ணீருக்கு அடியில் எப்போதும் ஏதாவது இருக்கும். கார்மார்தன் பக்கத்து மலை ஏரி ஒன்றிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து, மாடு மேய்க்கும் பையன் நீட்டிய ரொட்டியை மிகவும் வெந்தது என்றும், மறுநாள் வேகவே இல்லை என்றும் தட்டிவிட்டு, அரைவேக்காட்டு ரொட்டியைப் பார்த்துத்தான் சம்மதிக்கிறாள். காரணமில்லாமல் மூன்று முறை அடித்தால் போய்விடுவேன் என்பது நிபந்தனை. மூன்று அடியும் விழுகிறது. அவள் தன் மாடுகளைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்குகிறாள். ஆனால் பிள்ளைகளுக்கு மூலிகை சொல்லிக்கொடுக்க மட்டும் திரும்ப வருகிறாள். அவர்கள் வழி வந்தவர்கள்தான் மத்வை ஊர் வைத்தியர்கள் என்பது ஐதீகம். வைத்தியர்கள் கற்பனை இல்லை. அவர்கள் பெயரில் வழங்கும் மருத்துவக் குறிப்புகள் அதே செம்புத்தகத்தில் இருக்கின்றன.

இன்னொன்று மேற்குக் கடற்கரையில், கார்டிகன் வளைகுடாவில். கான்ட்ரெர் க்வைலோட் என்ற வளமான நாடு அங்கே கடலுக்குள் கிடக்கிறதாம். மதகுக் காவலன் சைதெனின் குடித்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டான் என்பது பள்ளிக்கூடத்தில் சொல்லும் கதை. 1250 வாக்கில் எழுதிய கார்மார்தன் கறுப்புப் புத்தகத்தில் உள்ள பழைய பாட்டிலோ பழி மெரெரிட் என்ற பெண்ணின் தலையில் விழுகிறது. குடிகார ஆண் பின்னால் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டான். நியாயமான மாற்றம் என்றுதான் சொல்ல வேண்டும். போர்த் என்ற ஊரில் கடல் உள்வாங்கும்போது மணலில் மரக்கட்டைகள் வரிசையாகத் தெரியும். 4,500 ஆண்டுக்கு மேல் பழமையான ஓக், பைன், பூர்ஜ மரங்களின் வேரும் அடித்தண்டும். 2014 புயல்களுக்குப் பிறகு நிறையவே வெளிப்பட்டன. கடல் ஏறி நிலம் போனது உண்மை என்று அவை சொல்கின்றன. நாடும் நகரமும் நாமாகச் சேர்த்தவை.

அந்த நாட்டின் கோயில் மணிகள் அமைதியான இரவுகளில் கேட்கும் என்பார்கள். அபெர்டவியின் மணிகள் என்ற பாட்டு வேல்ஸ் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். பாட்டு எங்கிருந்து வந்தது? 1785இல் லண்டனில் சார்ல்ஸ் டிப்டின் மேடையேற்றிய இசை நாடகத்திலிருந்து. ஓர் ஆங்கிலேயர், வேல்ஸ்காரன் பேச்சைக் கேலி செய்ய எழுதியது. வேல்ஸ்காரர்கள் அதை எடுத்துத் தங்கள் மொழியில் தங்கள் பாட்டாக்கிக்கொண்டார்கள். போதாதென்று 2011இல் அபெர்டவி கடற்கரைத் துறைமேடைக்கு அடியில் நிஜமாகவே ஒரு மணியைத் தொங்கவிட்டுவிட்டார்கள். அலை ஏறும்போது அதுவாகவே அடிக்கிறது. லண்டன் மேடைப் பாட்டுக்கு இப்போது உண்மையான மணி சாட்சி.

இந்த வரிசையில் கதையே இல்லாத ஓர் ஊரும் உண்டு. லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் தேக்க, ட்ரவெரின் பள்ளத்தாக்கில் இருந்த காபெல் கெலின் கிராமத்தை 1965இல் மூழ்கடித்தார்கள். பள்ளிக்கூடம், வழிபாட்டுக்கூடம், கல்லறைத் தோட்டம், வீடுகள் எல்லாம் உள்ளே போயின. 1957இல் அந்தச் சட்டம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது வேல்ஸ் உறுப்பினர் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை; நிறைவேறத்தான் செய்தது. 1969இல் சைன் என்ற வேல்ஸ் மொழி இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியபோது அதன் முதல் வெளியீடு, ஹியூ ஜோன்ஸ் பாடிய ‘டூர்’, தண்ணீர் என்று பொருள். ட்ரவெரினைப் பற்றியது. மூழ்கிய நாட்டுக் கதையைப் பல தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாட்டு எங்கே போய்த் தைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பாட்டு: கேட்கும் முறை

வேல்ஸ் என்றால் உலகத்துக்கு ஆண்கள் சேர்ந்திசைக் குழு. சுரங்கத் தொழிலாளிகள், கறுப்புக் கோட்டு, ரக்பி மைதானம். இதுவும் 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அதற்கு முந்தைய ஆட்டப் பாட்டை 18ஆம் நூற்றாண்டில் எழுந்த மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சமய எழுச்சி ஏறக்குறைய துடைத்துப்போட்டது. பிடில், நடனம், திருவிழா எல்லாம் பாவக் கணக்கில் சேர்ந்தன. அரசவையில் பெயர்பெற்ற க்ரூத் என்ற ஆறு நரம்பு வில்லிசைக் கருவி கிட்டத்தட்டக் காணாமலே போயிற்று. ஆனால் பறித்த அதே வழிபாட்டுக்கூடம் இன்னொன்றைக் கொடுத்தது: நாலு குரலில் சேர்ந்து பாடும் பழக்கம். ஐந்து கோட்டு இசைக்குறிப்புக்குப் பதிலாக ட, ர, ம என்று எழுத்திலேயே சுரத்தை எழுதும் முறை பரவியதும், அச்சுச் செலவு குறைந்தது, பியானோ வேண்டியதில்லை. சுரங்கத்திலிருந்து வந்தவன் மாலையில் ஹாண்டெல் என்ற இசைமேதையின் படைப்புகளைப் பாடினான். 1872இல் காரடாக் என்ற கொல்லரின் தலைமையில் சுமார் 450 பேர் லண்டன் கிரிஸ்டல் அரண்மனைப் போட்டிக்குப் போனார்கள். அந்த ஆண்டு எதிர்த்துப் பாட யாரும் வரவில்லை. அடுத்த ஆண்டு லண்டன் குழு வந்தது, தோற்றது.

சேர்ந்திசையைக் கேட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறவர்கள் நிறைய. எனக்கென்னவோ அதைத் தாண்டிய இரண்டு விஷயங்கள்தான் பெரிதாகப் படுகின்றன.

முதலாவது மூன்று வரிசை நரம்பு கட்டிய ஹார்ப், நம் யாழைப் போன்ற கருவி. வெளிப்புற இரண்டு வரிசைகளிலும் ஒரே சுரங்கள். நடு வரிசையில் அரைச்சுரங்கள். அவை வேண்டுமென்றால் விரலை வெளி நரம்புகளுக்கு நடுவே நுழைத்துத் தொட வேண்டும். ஒரே சுரத்தை இடது கை ஒரு வரிசையிலும் வலது கை மறு வரிசையிலும் மாறி மாறிச் சுண்டும்போது ஒலி சிலிர்த்துக்கொண்டே இருக்கும். கருவி இத்தாலியில் பிறந்தது. 17ஆம் நூற்றாண்டில் லண்டனுக்கு வந்து, அங்கே வேல்ஸ் கலைஞர்கள் கையில் எடுத்து, மற்றவர்கள் கைவிட்ட பிறகும் விடாமல் வைத்துக்கொண்டதால் ‘வேல்ஸ் ஹார்ப்’ ஆயிற்று. விடாமல் வைத்திருந்தவர்களில் ஏப்ரஹாம் வுட் என்பவர் வழிவந்த ரோமானி நாடோடிக் குடும்பத்துக்குப் பெரும் பங்கு. அவர்களிடமிருந்தும் கற்று, 20ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் நான்சி ரிச்சர்ட்ஸ் (1888–1979). ஹார்ப்பை இடது தோளில் சாய்த்து வாசித்தவர். அவரிடம் கற்ற ஹ்லியோ ரதெர்கின் பதிவுகள் எளிதில் கிடைக்கின்றன. ஹெட்போன் போட்டுக் கேட்டால் இரண்டு வரிசைகளின் விளையாட்டு தெரியும்.

ஹார்ப்போடு ஒட்டியது கெர்த் டான்ட் என்ற பாடும் முறை. ஹார்ப் ஒரு பழகிய மெட்டைத் தொடங்கிவிடும். பாடுகிறவர் சும்மா இருப்பார். மெட்டு கொஞ்சம் ஓடிய பிறகு, வேறொரு மெட்டில், ஒரு கவிதையோடு நுழைவார். இரண்டும் தனித்தனிப் பாதையில் போகும். முடியும்போது மட்டும் ஒரே இடத்தில் வந்து விழ வேண்டும். கவிதையின் சொல்லழுத்தம் மெட்டுக்காக ஒரு இடத்திலும் வளையக் கூடாது. முன்பு மேடையிலேயே கட்டினார்கள், இப்போது தயாரித்துக்கொண்டு வருகிறார்கள். மெட்டைத் தேடினால் இது பிடிபடாது. சொல்லைப் பின்தொடர வேண்டும்.

இரண்டாவது பிளகைன். மான்ட்கோமரி பகுதியின் கிராமத் தேவாலயங்களில் கிறிஸ்துமஸை ஒட்டி நடப்பது. பழங்காலத்தில் கிறிஸ்துமஸ் அன்று பொழுது விடியுமுன். இப்போது பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி மாலைகளில். சிறு வழிபாடு முடிந்ததும், பிளகைன் திறந்திருக்கிறது என்று பாதிரியார் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்குமேல் அறிவிப்பாளர் இல்லை, நிகழ்ச்சிநிரல் இல்லை, கைதட்டல் இல்லை. கூட்டத்திலிருந்து மூன்று பேர் எழுந்து முன்னால் போவார்கள்; அண்ணன் தம்பிகளாகவோ ஒரு பண்ணை வீட்டுக் குடும்பமாகவோ இருப்பார்கள். ஒருவர் சுருதிக் கவையைத் தட்டிக் காதில் வைத்துக்கொள்வார், மெதுவாகச் சுரம் கொடுப்பார். வாத்தியம் எதுவும் இல்லாமல் பல சரணம் நீளும் பாட்டு. ஆதாமில் தொடங்கிச் சிலுவை வரைக்கும் போய்விடும். முடிந்ததும் பேசாமல் இடத்துக்குத் திரும்புவார்கள். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். அப்புறம் அடுத்த குழு எழும். அன்று ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவர் பாடக் கூடாது என்பதால் எல்லோரும் கையில் உபரியாக வைத்திருப்பார்கள். கடைசியில் பாடிய ஆண்கள் அனைவரும் முன்னே போய் விருந்துப் பாட்டைப் பாட, பிறகு நிஜமாகவே விருந்து.

பிளகைனுக்குப் பெயர்போன ஊர்களில் ஒன்று ஹ்லன்ரையாடர் அம் மொக்நான்ட். பன்றிகள் இரவு தங்கிய அதே மொக்நான்ட். வில்லியம் மார்கன் 1588இல் வெளிவந்த வேல்ஸ் பைபிளை மொழிபெயர்த்ததும் இந்த ஊரில் பாதிரியாராக இருந்தபோதுதான்; அந்த பைபிள் இல்லையென்றால் இந்த மொழி இன்றிருப்பதைவிட மிகவும் மெலிந்திருக்கும். பாட்டுகளின் மெட்டோ தெருவில் பாடித் திரிந்த கதைப்பாடல்களிலிருந்து எடுத்தவை. இங்கிலாந்துக் காதல் மெட்டுகளும் உண்டு. தேவாலயம் அதைப் பற்றி அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

பொய்யராகிய பெரியவர்

ஒட்டுப்போட்டவர்களில் எல்லோருக்கும் அப்பன் யோலோ மோர்கானுக் (1747–1826). கல்தச்சர், கவிஞர், அபினி மருந்துக்கு அடிமை, ஏடுகளில் கரைகண்டவர். இடைக்காலக் கவிஞர்கள் பெயரில் தானே கவிதை எழுதி, பழைய ஏட்டில் கண்டெடுத்ததாக அச்சுக்குக் கொடுத்தவர். நல்ல கவிதைகள் என்பதுதான் சங்கடம். 20ஆம் நூற்றாண்டில்தான் முழுசாகப் பிடிபட்டார். 1792 கோடையில் லண்டன் ப்ரிம்ரோஸ் குன்றில் சில கற்களை வட்டமாக அடுக்கி, இது பண்டைய கவிஞர்களின் சடங்கு என்று ஒரு கூட்டம் நடத்தினார். 1819இல் அந்தச் சடங்கை ஐஸ்டெத்வொட் என்ற கவிதை, இசைப் போட்டி விழாவோடு கோத்துவிட்டார்.

போட்டி மரபு உண்மையிலேயே பழையது. 1176இல் ரீஸ் பிரபு கார்டிகன் கோட்டையில், ஓராண்டு முன்னதாகவே அறிவித்து, கவிதைக்கு ஒரு நாற்காலி இசைக்கு ஒரு நாற்காலி என்று பரிசு வைத்தார். வெள்ளை, நீலம், பச்சை அங்கிகளும் பாதி உருவிய வாளும் ஊதுகொம்பும்தான் பின்னால் வந்தவை. இன்றைய தேசிய ஐஸ்டெத்வொட் ஆகஸ்ட் முதல் வாரத்தில், ஆண்டுக்கு ஓர் ஊரில், முழுக்க வேல்ஸ் மொழியில் நடக்கிறது. வென்ற கவிஞரின் புனைபெயரை மேடையில் அழைப்பார்கள். அவர் யார் என்று அதுவரை கூட்டத்துக்குத் தெரியாது. அரங்கின் இருட்டில் எங்கோ ஒருவர் எழுந்து நிற்பார். 1917 செப்டம்பரில் பர்க்கன்ஹெட்டில் அழைத்தபோது யாரும் எழவில்லை. ஹெத் வின் என்ற பெயரில் எழுதிய டிராஸ்வனித் ஊர்ப் பண்ணையாளர் மகன், ஜூலை 31 அன்றே பெல்ஜியப் போர்முனையில் இறந்திருந்தார். காலி நாற்காலிமேல் கறுப்புத் துணியைப் போர்த்தினார்கள். சடங்கு யோலோவின் கற்பனை. அன்று அரங்கில் அழுதவர்களுக்கு அது ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

மாக்சென் கதையும் இப்படித்தான். மாக்சிமஸ் என்ற ரோமானியத் தளபதி கி.பி. 383இல் பிரிட்டனிலிருந்து படையோடு கிளம்பிப் போய்ப் பேரரசனானான். மபினோகியன் தொகுதியில் அவனே கனவில் ஒரு பெண்ணைக் கண்டு, தேடி, கார்நார்வனில் வந்து சேர்கிற காதலன். 1979இல் தன்னாட்சிக்கான பொதுவாக்கெடுப்பில் வேல்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்ட சோர்வில், 1983இல் டாவித் இவான், மாக்சென் போய் 1,600 ஆண்டு ஆகியும் நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று பாட்டெழுதினார். வரலாற்று ஆசிரியர் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ள மாட்டார். 2022 ஜூன் 5 அன்று கார்டிஃப் மைதானத்தில் உக்ரைனோடு கால்பந்து ஆட்டம் தொடங்குமுன் எண்பதை நெருங்கும் வயதில் அவரே நின்று பாட, கூட்டம் முழுவதும் கூடப் பாடியது. அன்று ஜெயித்து, 1958க்குப் பிறகு முதல்முறையாக உலகக் கோப்பைக்குப் போனார்கள். ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர்களுக்கும் வரிகள் மனப்பாடம்.

தொடங்குவதற்கு

புதிய இசையில் கால் வைக்க விரும்புகிறவர்களுக்கு, ஹார்ப் கலைஞர் காட்ரின் ஃபின்ச்சும் கோரா என்ற மேற்கு ஆப்பிரிக்க நரம்புக் கருவியை வாசிக்கும் செனகல் நாட்டுக் கலைஞர் செக்கூ கெய்ட்டாவும் சேர்ந்து செய்த மூன்று தொகுப்புகளைச் சொல்லலாம். முதலாவது 2013இல் வந்தது, அதன் பெயரிலும் அபெர்டவியின் மணிகள் ஒலிக்கின்றன. கோராவும் ஹார்ப்பும் எங்கே பிரிகின்றன என்று சில இடங்களில் கண்டுபிடிக்கவே முடியாது. வழிபாட்டுக்கூடப் பாட்டையும் அது துரத்திய பிடிலையும் ஒரே அறையில் உட்காரவைத்த வ்ரீ என்ற மூவர் குழு, பழைய நாட்டுப்பாடலை இருட்டாக்கிப் பாடும் நைன்பாக் இரண்டும் அடுத்த படி. கார்டிஃப் பக்கத்து செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகம் கிராமத்து வயசாளிகள் பாடியதையும் கதை சொன்னதையும் பதிவுசெய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. குரல் நடுங்கும், சில இடங்களில் மூச்சு வாங்கும். மொழி புரியாவிட்டாலும் மேடைப் பதிவுகளுக்கு முன் இவற்றைக் கேட்பது நல்லது.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு மாரி லூய்ட் கண்ணில் படலாம். குதிரை மண்டையோட்டைக் கழியில் சொருகி, வெள்ளைத் துணி போர்த்தி, கண்ணுக்குப் பாட்டில் கண்ணாடி வைத்து, தாடையைக் கயிறு கட்டி இழுத்துக் கடகடவென்று ஆட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவது. வாசலில் நின்று பாட்டில் வம்பிழுப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டே பாட்டில் பதிலடி கொடுக்க வேண்டும். தொன்மையான குதிரைத் தெய்வ வழிபாடு, ரியானனின் எச்சம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எழுத்தில் கிடைக்கும் முதல் குறிப்பு 1800இல்தான். இப்போது எல்லோருக்கும் மண்டையோடு கிடைப்பதில்லை என்பதால் பள்ளிகளுக்கென்று அட்டையில் வெட்டி மடித்துக் கோக்கும் மாரியும் வந்துவிட்டது. ஆட்டத்தின் விதி மட்டும் பழையதுதான்: உள்ளே இருப்பவருக்குப் பதில் பாட்டு தீர்ந்துபோனால் கதவைத் திறந்து, கேக்கும் பீரும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.